நோயாளியின் நம்பிக்கையும் மருத்துவ வாய்மையும்

நோயுற்றவனிடம் எவ்வளவு உண்மையைச் சொல்லலாம், எவ்வளவு மறைக்கலாம் என்னும் வினா, மருத்துவக் கலையைப் போலவே பழமையானது. படுக்கையில் கிடப்பவரின் தலைமாட்டில் அமர்ந்து, "ஒன்றும் இல்லை, தேறிவிடுவீர்கள்" என்று சொல்லாத உறவினர் இல்லை. அச்சொல் சில வேளைகளில் மெய்யாகிறது. பல வேளைகளில் பொய்த்துப் போகிறது. ஆயினும் அதைச் சொன்னவரைப் பொய்யர் என்று உலகம் பழிப்பதில்லை. அன்பினால் பிறந்த சொல் என்று அது மன்னிக்கப்படுகிறது. ஆனால் அதே சொல்லை மருந்து விற்பவர் விலை பேசிக்கொண்டு சொல்வாரானால், அப்பொழுதும் அது அன்பின் சொல்தானா? இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே கிழிக்கப்பட வேண்டும்? இன்றைய மருத்துவ அறிவியல் நாள்தோறும் புதிய நம்பிக்கைகளை அறிவித்துவரும் சூழலில், இவ்வினா முன்னெப்போதையும்விடக் கூர்மை பெற்றுள்ளது.

தமிழ் அறநூல் மரபு இவ்வினாவை எதிர்கொள்ளாமல் விட்டுவிடவில்லை. வள்ளுவர் வாய்மையை விளக்கும்போது, நடந்ததை நடந்தவாறே உரைப்பது என்னும் அளவோடு நிற்காமல், பிறர்க்குத் தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என்று அதன் எல்லையை விரித்தார். அதற்கு மேலும் ஒரு படி சென்று, உண்மையல்லாத சொல்லும் ஒரு நிலையில் வாய்மைக்குரிய மதிப்பைப் பெறக்கூடும் என்று விதிவிலக்கும் வகுத்தார். அந்த விதிவிலக்குக்கு அவர் வைத்த நிபந்தனை மிகக் கடுமையானது. அச்சொல்லால் விளையும் நன்மையில் குற்றத்தின் நிழல்கூடப் படிந்திருக்கக் கூடாது. விதிவிலக்கை நினைவில் வைத்திருப்போர் பலர். நிபந்தனையை நினைவில் வைத்திருப்போர் சிலரே. நோயாளியிடம் சொல்லப்படும் இனிய பொய்கள் யாவும் அந்த நிபந்தனையை நிறைவு செய்கின்றனவா என்பதே ஈண்டு ஆராயப்பட வேண்டியது.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அண்மைக் கால மருத்துவப் புதுமை ஒன்று அமைந்துள்ளது. குருத்தணுக்கள் வெளியிடும் எக்சோசோம் என்னும் நுண்பைகளைக் கொண்டு தோல் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்னும் கருத்தே அது. இதைப் புரிந்துகொள்ள மலாக்கா மாநிலத்துத் தமிழர்க்குப் பெரிய நூலறிவு தேவையில்லை. அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் அன்றாடம் கையாண்ட மரம் ஒன்றே போதும்.

மலாயாவில் கித்தா மரம் முதன்முதலில் வாணிக நோக்கோடு தோட்டமாகப் பயிரிடப்பட்ட இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். டான் சாய் யான் என்பவர் 1896ஆம் ஆண்டில் அங்கு அதைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் அசகானிலும் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் விடியற்காலையில் உளியோடு நிரைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளி ஓர் உண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவினால் பால் வடியும். காலப்போக்கில் சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். உளி சற்று ஆழ்ந்து கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயம்படும். அவ்விடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, மீண்டும் சீவுவதற்கு ஆகாமல் போகும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள மெல்லிய உயிர்ப்படையே புதுப்பட்டையை ஆக்குகிறது என்று தாவரவியல் கூறுகிறது. அப்படையிலுள்ள அணுக்கள் தாம் அழியாமல் நின்று, வேண்டிய புதிய அணுக்களைத் தோற்றுவிப்பவை. மனித உடலிலும் அத்தகைய அணுக்கள் எலும்பு மச்சையிலும் கொழுப்புத் திசுவிலும் தொப்புள்கொடியிலும் உள்ளன. அவையே குருத்தணுக்கள் எனப்படுகின்றன.

உயிரணு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி மிக நுண்ணிய பைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அவற்றுள் ஒரு வகை எக்சோசோம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். நடுத்தர அளவுள்ள பத்தாயிரம் எக்சோசோம்களை ஒரே வரிசையில் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் கிடைக்கும். முதிராத சிவப்பணுக்களை ஆராய்ந்த கனடா, அமெரிக்க ஆய்வாளர் குழுக்கள் இரண்டு, 1983ஆம் ஆண்டில் இவை வெளியேறும் முறையைக் கண்டறிந்தன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரோஸ் ஜான்ஸ்டன் அம்மையாரின் குழு, 1987ஆம் ஆண்டில் இதற்கு எக்சோசோம் என்னும் பெயரை வழங்கியது. தொடக்கத்தில் இவை உயிரணு வெளியே எறியும் குப்பை என்றே கருதப்பட்டன. 2007ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், இப்பைகள் மரபுச் செய்தியைத் தாங்கிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குக் கொண்டு செல்வதைக் காட்டினர். குப்பை எனக் கருதப்பட்டது தூது என்று தெரியவந்தது.

தூது என்றதும் தமிழ் மாணவர்க்குச் சிற்றிலக்கியம் நினைவுக்கு வரும். தூது செல்வது எதுவாயினும், அதன் பயன் விடுப்பவரையும் செய்தியையும் பொறுத்தது. எக்சோசோமும் அத்தகையதே. குருத்தணு விடுக்கும் நுண்பை புண்ணை ஆற்றும் செய்தியைக் கொண்டு செல்லக்கூடும். அதனுள் மருந்தையோ, புற்றணுவின் வளர்ச்சியை அடக்கும் மூலக்கூறையோ ஏற்றி அனுப்பவும் முடியும். குருத்தணுவையே உடலில் செலுத்தினால் அது பல்கிப் பெருகக்கூடும் என்னும் அச்சம் உண்டு. நுண்பைக்குத் தானே பெருகும் ஆற்றல் இல்லை. ஆகவேதான் ஆய்வாளர்கள் இதில் நம்பிக்கை வைக்கின்றனர். எலிகளில் நடந்த சோதனைகளில், இவ்வாறு மருந்தேற்றிய நுண்பைகள் தோல் புற்றுக் கட்டிகளின் வளர்ச்சியைக் குறைத்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

ஆனால் அதே தூது பகைவனுக்கும் பணி செய்கிறது. தோல் புற்றுகளுள் கொடியதான மெலனோமாவின் அணுக்களும் எக்சோசோம்களை விடுக்கின்றன. அவை எலும்பு மச்சைக்குச் சென்று அங்குள்ள அணுக்களைத் தம் வயப்படுத்தி, புற்று பிற உறுப்புகளுக்குப் பரவ வழி அமைக்கின்றன என்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. குருத்தணுக்களின் நுண்பைகளுங்கூடச் சில சோதனைகளில் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தன. வேறு சில சோதனைகளில் அதைத் தூண்டின. ஆற்றும் ஆற்றலும் வளர்க்கும் ஆற்றலும் ஒன்றே என்பதை எண்ணினால் இது வியப்பன்று. புண்ணில் புதிய குருதிக் குழாய்களை வளர்க்கும் செய்தி, கட்டிக்கும் குருதிக் குழாய்களை வளர்த்துவிடக் கூடுமன்றோ?

மனிதரிடம் நடந்த சோதனைகளின் நிலை என்ன? நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த ஒரு வகை அணுக்களிலிருந்து எடுத்த எக்சோசோம்கள், முற்றிய மெலனோமா உடைய 15 பேருக்குப் பிரான்சில் செலுத்தப்பட்டன. அதன் முடிவுகள் 2005ஆம் ஆண்டில் வெளிவந்தன. பெரிய தீங்கு நேரவில்லை. மிகச் சிலரிடமே ஓரளவு பயன் தென்பட்டது. அவை குருத்தணுவின் எக்சோசோம்களும் அல்ல. குருத்தணு எக்சோசோமைத் தோல் புற்றுக்கு உரிய மருந்தாக ஏற்று, முறையான ஒப்புதல் பெற்ற சிகிச்சை ஏதும் இதுவரை இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஒப்புதல் பெறாத எக்சோசோம் பொருள்களைப் பெற்ற நெப்ராஸ்கா மாநில நோயாளிகள் சிலர் கடுமையான பாதிப்புக்கு ஆளானதே அதற்குக் காரணம். எலியின் கூண்டுக்கும் மனிதனின் படுக்கைக்கும் இடையே உள்ள தொலைவை விளம்பரம் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அறிவியலுக்கோ அதைக் கடக்கப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

இனி, இச்செய்தி மலாக்காவின் சிற்றூர் ஒன்றுக்கு எவ்வாறு வந்து சேரும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஜாசின் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகள் மரம் சீவி ஓய்ந்த முதியவர் ஒருவர் இருப்பதாகக் கொள்ளலாம். அவருடைய உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்றுகிறது. முள் குத்திய தழும்பு என்று விட்டுவிடுகிறார். ஓராண்டு கழிகிறது, புள்ளி அகன்று, விளிம்பு கோணி, கசியத் தொடங்குகிறது. கருநிறத் தோலினர்க்குத் தோல் புற்று வாராது என்னும் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. அவர்களிடையே மெலனோமா குறைவு என்பது உண்மை. ஆனால் வரும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே அது பெரும்பாலும் தோன்றுகிறது. அதனாலேயே காலம் கடந்து கண்டறியப்படுகிறது. ஜமைக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் 1977ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட நோய் இதுவே. அப்புண் முதலில் காற்பந்தாட்டத்தில் பட்ட காயமாகக் கருதப்பட்டது. 1981ஆம் ஆண்டில், 36ஆம் அகவையில் அவர் மறைந்தார். இவ்வகையன்றி, நெடுநாள் ஆறாத கால்புண்ணிலும் பழைய தீக்காயத் தழும்பிலும் தோன்றும் வேறொரு வகைத் தோல் புற்றும் உண்டு.

தோட்டப் புறத்தார்க்குத் தோலின் நோய் அயலான செய்தி அன்று. மலாயாக் கித்தா தோட்டங்களில் லாலான் புல்லையும் களையையும் அழிக்க ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் நச்சுக் கரைசல் பெருமளவில் தெளிக்கப்பட்டது. ஆர்சனிக், நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் தோல் புற்றை விளைவிக்கக்கூடிய பொருள் என்று இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. களைக்கு மருந்தடிக்கும் வேலையில் பெண்களே மிகுதியாக இருந்தனர். தாம் சுமந்த கலத்தில் இருந்தது என்ன என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. தன் உடலுக்குள் செல்வது எது என்பதை அறியும் உரிமையை இழந்த அனுபவம் அச்சமூகத்தின் வரலாற்றிலேயே உள்ளது. ஆகவே இவ்வினா அதற்குப் புதியதன்று.

முதியவரின் கதைக்கு மீளலாம். மகன் நகரத்தில் வேலை செய்கிறான். யாரோ அனுப்பிய செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஓடி வருகிறான். "அப்பா, அறுவை வேண்டாம். குருத்தணுவிலிருந்து எடுத்த புது மருந்து வந்திருக்கிறது. ஊசி போட்டால் கரைந்துவிடுமாம்" என்கிறான். விலையைக் கேட்டால், ஊழியர் சேமநிதியில் எஞ்சியிருக்கும் பணம் முழுவதும் போதாது. மகன் பொய்யன் அல்லன். தந்தையை இழக்க அஞ்சுபவன். அவனுக்குச் சொன்னவரும் ஒருவேளை பொய்யர் அல்லர். எலியிடம் கண்ட உண்மையை மனிதனுக்கும் உண்மை என்று நம்பியவர். ஒவ்வொருவரும் சிறிது சிறிதாக நீர் சேர்த்த பால், இறுதியில் முதியவரின் கைக்கு வந்து சேர்கிறது.

இத்தகைய நம்பிக்கையை அளிப்பது தவறன்று என்று வாதிடுவோர் மூன்று காரணங்களைக் காட்டுவர். அவை எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

முதலாவது, நம்பிக்கை தன்னளவிலேயே மருந்து என்பது. மனம் தளர்ந்தவன் உடலும் தளர்வான். ஆகவே பொய்யாயினும் நம்பிக்கை நன்மையே என்பர். நம்பிக்கையால் நோயாளியின் மனம் அமைதியுறும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வள்ளுவரின் நிபந்தனையை இங்கே நினைக்க வேண்டும். நன்மை குற்றமற்றதாக இருக்கிறதா? மெலனோமா தோலின் மேற்படையிலேயே நிற்கும்போது அறுத்து அகற்றிவிட்டால், பெரும்பாலோர் முற்றும் குணம் பெறுகின்றனர். அது ஆழ்ந்து நிணநீர்க் கணுக்களை அடைந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ஊசிக்காகக் காத்திருந்த நான்கு மாதங்கள், குணமாகக்கூடிய நோயை ஆகாத நோயாக்கிவிடலாம். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம் என்பர். அந்த நான்கு மாதங்களை எவராலும் ஈட்டித் தர இயலாது. நோய் முற்றிய நிலையிலும் பொய்க்குக் குற்றமில்லை என்று சொல்ல முடியாது. தன் நாள்கள் குறைவு என்று அறிந்த மனிதர், பேச வேண்டியவரிடம் பேசுவார். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பார். பார்க்க வேண்டிய மண்ணைப் பார்ப்பார். அவ்வாய்ப்பை இனிய பொய் பறித்துவிடுகிறது.

இரண்டாவது, வேறு வழியற்றவனுக்கு எதையும் முயன்று பார்க்கும் உரிமை உண்டு என்பது. இவ்வாதம் வலிமையானது. உயிர் அவனுடையது, துணிவும் அவனுடையதே. ஆனால் முயற்சி என்பதற்கு இரு வடிவங்கள் உள்ளன. ஒன்று, முறையான மருத்துவச் சோதனையில் சேர்வது. அங்கு நோயாளியிடம், "இது பலன் தருமா என்பது தெரியாது, அதை அறிவதற்காகவே செய்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லப்படுகிறது. அவர் இசைவு தந்த பிறகே மருந்து செலுத்தப்படுகிறது. பலனும் தீங்கும் எண்ணிப் பதிவு செய்யப்படுகின்றன. அவருக்குப் பயன் கிட்டாவிடினும், அவருக்குப் பின் வரும் நோயாளிக்கு அறிவு கிட்டுகிறது. மற்றொன்று, விலை கொடுத்து ஊசி வாங்குவது. அங்கு எவரும் எண்ணுவதில்லை. பிழைத்தவர் விளம்பரமாகிறார், பிழைக்காதவர் மறக்கப்படுகிறார். முதலாவதில் நோயாளி அறிவுத் தேடலின் தோழர். இரண்டாவதில் அவர் வாடிக்கையாளர் மட்டுமே. முயலும் உரிமை முதலாவதைக் கோருகிறது, இரண்டாவதை அன்று.

சோதனை என்னும் பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் தோட்டத் தமிழரிடையே அறியப்பட்ட துன்பம். கேரளத்திலும் அதே நோய் மிகுதி. திருவனந்தபுரத்தில் உள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்தில் 1999, 2000ஆம் ஆண்டுகளில் வாய்ப் புற்றுநோயாளர் இருபதுக்கும் மேற்பட்டோர்க்குப் புதிய வேதிப்பொருள் ஒன்று கட்டிக்குள் ஊசியாகச் செலுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறிவியலாளர் ஒருவர் அந்த ஆய்வில் பங்கு கொண்டிருந்தார். நோயாளிகளின் இசைவு முறையாகப் பெறப்படவில்லை என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அப்பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டில் விசாரித்து, தன் நெறிக்குழுவின் ஒப்புதலின்றி அச்சோதனை நடந்ததை உறுதி செய்தது. மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கு அவர் தலைமை தாங்கக் கூடாது என்று தடையும் விதித்தது. உலக மருத்துவச் சங்கம் 1964ஆம் ஆண்டிலேயே எல்சிங்கி நகரில் மனித ஆய்வுக்கான அறநெறிகளை வகுத்திருந்தது. நெறி ஏட்டில் இருப்பது வேறு. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளியின் காதில் அவர் மொழியில் சென்று சேர்வது வேறு.

மூன்றாவது வாதம், எல்லா மருந்தும் ஒரு காலத்தில் நிறுவப்படாததாகவே இருந்தது. ஐயப்பட்டுக்கொண்டே இருந்தால் அறிவு வளராது என்பது. இதற்கு விடையை மெலனோமாவின் வரலாறே தருகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், உடலெங்கும் பரவிய மெலனோமா உடையவர் ஓராண்டைக் கடப்பதே அரிதாக இருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இடப்பட்ட தடையை நீக்கி, அதைப் புற்றின் மேல் ஏவும் மருந்துகள் பிறந்தன. அவற்றுள் முதலாவது 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடிப்படை உண்மையைக் கண்டறிந்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஓஞ்சோ ஆகிய இருவர்க்கும் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 945 நோயாளிகளைக் கொண்ட பெரும் சோதனை ஒன்றில் இவ்வகை மருந்துகள் ஒப்பிடப்பட்டன. பத்தாண்டு முடிவுகள் 2024ஆம் ஆண்டில் வெளிவந்தன. இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களுள் 100க்கு 43 பேர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தனர். இவ்வறிவு ஐயத்தை அடக்கியதால் வளரவில்லை; ஐயத்தை எண்ணிக்கையால் தீர்த்ததால் வளர்ந்தது. 43 பேர் பிழைத்தனர் என்று சொன்ன அதே ஏடு, 57 பேர் பிழைக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அதனாலேயே அந்த 43 என்னும் எண் நம்பத்தக்கதாகிறது.

கித்தா தோட்டத்துப் பால் நிலையத்தில் நடந்தது இதற்கு நல்ல விளக்கம். தொழிலாளி வாளி நிறையப் பால் கொண்டுவந்து நிறுப்பார். நிறுத்ததோடு கணக்கு முடிந்துவிடாது. மெட்ரோலக் என்னும் மானியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த கித்தா எவ்வளவு என்று பார்ப்பார்கள். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே கித்தா. எஞ்சியது பெரும்பாலும் நீர். மழை நீர் கலந்திருந்தால் வாளி நிறையும், கித்தா கூடாது. நிறைந்த வாளி பொய் அன்று. ஆனால் அதில் உள்ள கித்தாவின் அளவைச் சொல்லாமல் அதற்கு விலை பேசுவது நேர்மை அன்று. மருத்துவ நம்பிக்கையும் அவ்வாறே. எக்சோசோம் பற்றிய செய்தி பொய்யன்று. அதில் உறுதி எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு என்னும் அளவைச் சொல்லாமல் தருவதே தவறு. நம்பிக்கையைத் தருபவர் அதன் அளவையும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டவர். அளவோடு தரப்படும் நம்பிக்கை வாய்மைக்குப் பகை அன்று. அதன் ஒரு பகுதியே ஆகும்.

அரசுகள் இக்கடமையைச் சட்ட வடிவில் வைக்க முயன்றுள்ளன. குருத்தணு ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் உரிய வழிகாட்டி நெறிகளை மலேசியச் சுகாதார அமைச்சு 2009ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிகிச்சை தேடித் தமிழர் பலர் செல்லும் இந்தியாவில், மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய நெறிகள், ஏற்கப்பட்ட சில குருதி நோய்கள் முதலியன நீங்கலாக, குருத்தணுவை ஒப்புதல் பெற்ற சோதனையில் அன்றிப் பயன்படுத்துவது முறையன்று என்று வரையறுத்தன. எனினும் சட்டம் விற்பவனைக் கட்டுப்படுத்துமேயன்றி, அஞ்சி நிற்கும் மகனின் உள்ளத்தைத் தெளிவிக்காது. அது கல்வியின் பணி.

அப்பணியில் தமிழ்ப் பள்ளிக்கும் பங்கு உண்டு. இன்று மலாக்காவின் பல இல்லங்களில், மருத்துவமனைத் தாளையும் கைப்பேசிச் செய்தியையும் தாத்தா பாட்டிக்குப் படித்துச் சொல்பவர் பள்ளி மாணவரே. படிக்கத் தெரிவது வேறு. படித்ததை நிறுக்கத் தெரிவது வேறு. ஒரு மருந்து குணப்படுத்தும் என்று படித்தவுடன் மூன்று வினாக்களைக் கேட்க மாணவரைப் பழக்கலாம். குணமானது எலியா, மனிதரா? எத்தனை பேருக்குக் கொடுத்து எத்தனை பேருக்குக் குணமாயிற்று? அம்மருந்தைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டார்களா? இம்மூன்று வினாக்களுக்கும் அறிவியல் பட்டம் தேவையில்லை. இவற்றோடு, உள்ளங்காலில் மாறிவரும் கரும்புள்ளியையும் பல வாரங்களாக ஆறாத புண்ணையும் அரசு மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும் என்னும் எளிய அறிவையும் சேர்த்துக் கொடுக்கலாம். கரும்புள்ளி எல்லாம் புற்றன்று. ஆனால் எது புற்று என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே. அங்கு முதற்பார்வைக்குக் குடிமக்களிடம் பெறப்படும் கட்டணம் ஒரு ரிங்கிட்.

இறுதியாக, வாய்மையின் பக்கம் நிற்போர் மேலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் என்பதே அது. அக்குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. "இம்மருந்து நிறுவப்படவில்லை" என்று கூறி நோயாளியைத் தனியே விட்டுச் செல்பவரைவிட, பொய்யாயினும் புன்னகையோடு ஊசி போடுபவர் அந்நோயாளிக்கு அன்பராகத் தோன்றுவது இயல்பே. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணி செய்பவரையும் சேர்த்து எண்ணினார். மருந்துக்குச் சமமான இடத்தை உடனிருப்பவர்க்குத் தந்த அந்த அறிவு ஆழ்ந்து எண்ணத்தக்கது. உண்மையைச் சொன்னவர் உடனிருக்கவும் வேண்டும். அறுவை அறையின் வாயில்வரை கூடச் செல்லவும், பணம் இல்லாதபோது வழி தேடவும், நோய் முற்றினால் வலி தணிக்கும் மருத்துவத்தை நாடித் தரவும் அவர் கடமைப்பட்டவர்.

ஜாசினில் கற்பனையாகக் கண்ட அந்த முதியவர் மகனிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகள் மானியின் முன் வாளியை வைத்துப் பழகியவர் கேட்கும் கேள்வி அது. "எத்தனை பேருக்குப் போட்டார்கள்? எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள்?" அக்கேள்விக்கு நேரான விடையை அவருக்குத் தருவதும், விடை எதுவாயினும் அவருடைய கையை விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் மகனின் அறம். எக்சோசோம் ஒரு நாள் மெய்யான மருந்தாகக் கூடும். அந்த நாள் வரும்வரை அம்முதியவரைப் போன்றோர்க்குத் தரத்தக்கவை, அளவு சொல்லப்பட்ட நம்பிக்கையும் அகலாத துணையுமே ஆகும்.